பாறை தட்டிய மூலை

"பண்ட தகிலிந்தி, சார்!"

குழிக்குள்ளிருந்து மேஸ்திரி போட்ட சத்தத்தைக் கேட்டவர்கள் புதையல் அகப்பட்டுவிட்டது என்றே நினைத்திருப்பார்கள். பண்ட என்றால் தெலுங்கில் பாறை. சித்தூர் மாவட்டம் ராமகுப்பத்தை ஒட்டிய ஒரு சிற்றூரில் என் சித்தி மகன் வீடு கட்டுகிறான். பில்லருக்கான 12 குழிகளில் 11 குழிகளை முதல் நாளே வெட்டி முடித்திருந்தார்கள். வடமேற்கு மூலையில் கடைசிக் குழி. இரண்டடி இறங்கியதும் கடப்பாரை 'டங்' என்றது.

"இதுக்கு மேல என்னம்மா வேணும்? சாமி போட்ட கடக்கால். மத்ததுக்கு அஞ்சடி, இதுக்கு ரெண்டடி. ஒருநாள் கூலி மிச்சம்" என்றார் மேஸ்திரி, சித்தியிடம். தமிழ்நாடும் கர்நாடகமும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊர். இந்தப் பக்கத்து மேஸ்திரிகளுக்குத் தெலுங்கு, தமிழ், கன்னடம் மூன்றும் ஒரே மூச்சில் வரும். சித்தி அந்த மூலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும் தலையாட்டினேன் என்பதை மறைப்பதற்கில்லை. பாறைமேல் நிற்கும் வீட்டுக்கு என்ன குறை வரப்போகிறது?

எங்கள் சந்தோஷத்தைக் கெடுத்தவர், போனில் படத்தைப் பார்த்த என்ஜினீயர். வேலூர்க்காரர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். "மத்த குழியிலெல்லாம் என்ன தெரியுது?" என்று கேட்டார். பத்துக் குழிகளில் செம்மண்ணும் அதன் அடியில் கெட்டி மொரம்பும். தென்கிழக்குக் குழியில் மட்டும் ஈரமான, பிசுபிசுப்பான மண்; அந்த இடத்தில் முன்பு ஒரு சின்னக் குட்டை இருந்ததாம். "அப்ப அந்தப் பாறைதாம்பா உங்க வீட்டுக்கு எதிரி" என்றார்.

அவர் சொன்னது எனக்கு விளங்க ஒரு நாள் ஆயிற்று. விளங்கிய பிறகு, கடைக்காலைப் பற்றி நான் அதுவரை நினைத்திருந்தது பெரும்பாலும் தப்பு என்று தெரிந்தது.

மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதற்கு இந்தியத் தர ஆவணங்களிலும் தேசியக் கட்டட விதித்தொகுப்பிலும் ஒரு உத்தேச அட்டவணை உண்டு. பிளவில்லாத கருங்கல் பாறை சதுர மீட்டருக்கு 330 டன் தாங்கும். நொறுங்கிய பாறையும் கெட்டித்த மொரம்பும் 90 டன் வரை. கரிசல் போன்ற களிமண், காய்ந்த நிலையில், சுமார் 15 டன். இதில் கடைசி எண்ணை எடுத்துக் கணக்குப் போடுங்கள். பில்லரின் பாதமான பூட்டிங் ஐந்தடிக்கு ஐந்தடி என்றால் பரப்பு 2.3 சதுர மீட்டர். களிமண்ணே 35 டன்னைச் சுமந்துவிடும். மேலே ஒரு மாடி கட்டினாலும் சாதாரண வீட்டின் பில்லர் ஒன்றில் இறங்கும் பாரம் பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிடும். ராமகுப்பம் மண்ணுக்கு இந்த வீடு ஒரு சுண்டைக்காய்.

ஆகவே தாங்குமா தாங்காதா என்பது இங்கே பிரச்சினையே இல்லை. எல்லா மண்ணும் பாரம் ஏறியதும் கொஞ்சம் அமுங்கும். பன்னிரண்டு பில்லரும் ஒரே அளவு அமுங்கினால் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. பத்துப் பில்லர் கால் அங்குலம் இறங்க, குட்டை மண்ணில் நிற்கும் பில்லர் ஒரு அங்குலம் இறங்க, பாறைமேல் நிற்பது மட்டும் அசையாமல் நின்றால், நடுவில் இருக்கும் சுவர்தான் அதற்குக் கப்பம் கட்டும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக மேலேறும் வெடிப்பைப் பார்த்திருப்பீர்கள். பூச்சு வேலை சரியில்லை என்று பெயிண்டரைத் திட்டிவிட்டு, பட்டி வைத்து அடைப்போம். அடுத்த ஆண்டு அது அங்கேயே மறுபடி நிற்கும்.

உலகத்தில் இதற்குப் பெயர்போன சாட்சி இத்தாலியில் இருக்கிறது. பைசா கோபுரத்தை 1173இல் கட்டத் தொடங்கினார்கள். கடைக்கால் ஆழம் மூன்று மீட்டர்தான். தெற்குப் பக்கத்து மண் கூடுதலாக அமுங்க, மூன்றாவது அடுக்குக்கே கோபுரம் சாயத் தொடங்கிவிட்டது. 1990இல் சாய்வு ஐந்தரை டிகிரி. ஆள் ஏறக்கூடாதென்று மூடிவிட்டு, பல ஆண்டு மண்டையை உடைத்துக்கொண்டபின் கண்டுபிடித்த வைத்தியம் என்ன தெரியுமா? சாய்ந்த பக்கத்துக்கு முட்டுக்கொடுக்கவில்லை. குறைவாக அமுங்கிய வடக்குப் பக்கத்தின் அடியிலிருந்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவி எடுத்தார்கள். கோபுரம் தானாக அரை டிகிரி நிமிர்ந்தது. 2001இல் மறுபடி திறந்துவிட்டார்கள்.

எங்கள் என்ஜினீயர் மறுநாள் வந்து சொன்னதும் அதே வைத்தியம்தான். பலமான மூலையைக் குறை. முதலில், அது தரைக்கடியில் விரிந்து கிடக்கும் பாறையா, புதைந்து கிடக்கும் குண்டா என்று பார்க்க வேண்டும். அதற்குக் குழியைச் சுற்றி மூன்றடி அகலப்படுத்து. விரிந்த பாறை என்றால் மேலே ஒரு அடி ஆழத்துக்கு உடைத்துவிட்டு மணல் மெத்தை போடு. குண்டு என்றால் வெளியே எடு.

குண்டுதான். இந்தப் பகுதியைப் பார்த்தவர்களுக்கு அதில் வியப்பிருக்காது. கோலாரிலிருந்து தெற்கே இறங்கி வரும் தங்கப் பாறை வரிசையின் வால் குடுபல்லி மண்டலத்தில் சிகரகுண்டா வரை நீள்கிறது. அதைச் சுற்றி எங்கும் கருங்கல். பக்கத்து ஊரான குப்பத்தின் கிரானைட் வெளிநாட்டுக்குப் போகிற சரக்கு. பல லட்சம் ஆண்டு வெயிலும் மழையும் பாறையை அரித்துத் தின்றதில் மீந்து நின்ற உருண்டைகள்தான் குன்றுகளின்மேல் அடுக்கி வைத்த மாதிரி தெரிகிறவை. அதே உருண்டைகள் மண்ணுக்குள்ளும் கிடக்கின்றன. எங்களுடையது ஒரு மாட்டு வண்டி அகலம் இருந்தது. கல் உடைக்கிற இருவர் வந்து, வரிசையாகத் துளை போட்டு, ஆப்பு இறக்கி, மாற்றி மாற்றித் தட்டினார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அது ரொட்டி பிளப்பது போலச் சத்தமில்லாமல் இரண்டாகப் பிளந்தது. வேலை முடிய இரண்டு நாள். வந்த கல் பேஸ்மட்டத்துக்கும் வாசல் படிக்கும் ஆயிற்று. மேஸ்திரி முகம் மட்டும் தெளியவில்லை. சாமி போட்ட கடைக்காலை உடைத்தவர்கள் நாங்கள்.

தென்கிழக்குக் குட்டை மண்ணை இன்னும் இரண்டடி தோண்டி எடுத்து, மொரம்பு தெரிந்த பிறகே நிறுத்தினோம். குறைந்தது அரை மீட்டர் ஆழம் என்கிறது இந்தியத் தரத்தின் 1904ஆம் எண் ஆவணம். அது குறைந்தபட்சம். அடியில் தெரியும் மண்தான் நிறுத்தச் சொல்ல வேண்டும். டேப் சொல்லக் கூடாது.

இவ்வளவு நச்சரிப்பு ஒரு மாடி வீட்டுக்குத் தேவையா என்று சித்தப்பா கேட்டார். அவருக்கு 2021 நவம்பரை நினைவூட்டினேன்.

அந்த மாதம் சித்தூர், கடப்பை பக்கம் கொட்டித் தீர்த்த மழை பலருக்கு ஞாபகம் இருக்கும். அன்னமய்யா அணை உடைந்தது அப்போதுதான், நவம்பர் 19ஆம் தேதி. மழை ஓய்ந்த சில நாளில் ராமகுப்பம் மண்டலத்துச் சில ஊர்களில் பூமிக்கடியிலிருந்து வெடி வைத்தது போலச் சத்தம். பாத்திரம் உருள, ஜனங்கள் குழந்தைகளோடு வெளியே ஓடி வந்து தெருவில் உட்கார்ந்தார்கள். நவம்பர் 29 அதிகாலை 4.17க்கு வேலூருக்கு மேற்கு-தென்மேற்கே 59 கிலோமீட்டரில் 3.6 அளவு நில அதிர்வு என்று தேசிய நில அதிர்வு மையம் அறிவித்தது. அடுத்த மாதமும் பேரணாம்பட்டுப் பக்கம் விட்டு விட்டு ஆடியது. சுவர்களில் கீறல் விழுந்தது.

கெட்டிப் பாறைப் பகுதியில் பெருமழைக்குப் பிறகு இப்படி ஆவது உண்டு. பாறைப் பிளவுகளுக்குள் தண்ணீர் இறங்கும்போது உள்ளே அழுத்தம் மாறுகிறது; பிளவின் இரு முகங்களும் ஒரு நூல் நகர்கின்றன. அதிர்வு மேலாகவே நடப்பதால், சிறியதென்றாலும் காதுக்குக் கேட்கிறது. 3.6 என்பது வீட்டைச் சாய்க்கிற அளவல்ல. ஆனால் ஆடாது என்று நினைத்திருந்த நிலம் ஆடக்கூடியது என்பதற்கு அது போதும். மகாராஷ்டிரத்தின் கில்லாரியையும் ஆடாத நிலம் என்றுதான் வரைபடத்தில் போட்டிருந்தார்கள். 1993 செப்டம்பர் 30 விடியற்காலை நிலநடுக்கத்தில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தார்கள். அவர்களைக் கொன்றது மண் சாந்தில் அடுக்கிய கனத்த கல் சுவர்கள். உள்முகக் கல்லையும் வெளிமுகக் கல்லையும் கோத்துப் பிடிக்க நீளக் கல் வைக்காததால் சுவர் இரண்டாகப் பிரிந்து விழுந்தது. கூரை தலையில் வந்தது.

கல் மலிவாகக் கிடைக்கும் ராமகுப்பத்தில் பேஸ்மட்டம் இன்றைக்கும் கல் கட்டுதான். அதில் தப்பில்லை. ஆனால் அதன் தலையில் நாலு பக்கமும் சுற்றி ஓடும் கான்கிரீட் பெல்ட், அதாவது பிளிந்த் பீம், கட்டாயம் இருக்க வேண்டும். கட்டில் கால்களைச் சட்டம் பிணைப்பது மாதிரி அது பில்லர்களைப் பிணைக்கிறது. ஒரு மூலை அமுங்கினாலும், நிலம் கொஞ்சம் ஆடினாலும், வீடு துண்டு துண்டாக நகராமல் ஒன்றாக நகரும். செலவைக் குறைக்கச் சொன்னால் மேஸ்திரி கை வைக்கும் முதல் இடமும் இதுதான். பூச்சுக்குள் மறைகிற சமாச்சாரம், யார் கேட்கப் போகிறார்கள்?

அரசு வீடுகளில் இந்தக் கதை இன்னும் மோசம் என்பது என் கருத்து. ஆந்திரத்தில் 2020 டிசம்பர் 25இல் தொடங்கிய 'நவரத்னாலு - பேதலந்தரிகி இள்ளு' திட்டத்தில் கிராமத்தில் ஒன்றரை சென்ட் மனை, 340 சதுர அடி வீடு, 1.80 லட்சம் ரூபாய் என்று இருந்தது. பணம் கட்டம் கட்டமாக வந்தது. கடைக்கால் மட்டம் வரை 'பேஸ்மென்ட் லெவல்', பிறகு 'ரூஃப் லெவல்' என்று காகிதத்தில் நிலை ஏற ஏறத்தான் பில் விழுந்தது. அதனால் எப்பாடுபட்டாவது பேஸ்மட்டத்தைத் தரைக்கு மேலே காட்டிவிட வேண்டியிருந்தது. தரைக்குக் கீழே என்ன இருந்தது என்பதற்கு எந்தப் பில்லும் இல்லை. ஆட்சி மாறும், திட்டத்தின் பெயர் மாறும். குழிக்குள் எட்டிப் பார்க்கிற ஒரு அதிகாரியை நியமிக்காதவரை மற்றது மாறப்போவதில்லை.

இனி கான்கிரீட்டுக்கு வருவோம். இங்கே ஒரே ஒரு எண்ணை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள்: 30. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம்-20 தரம் வேண்டும் என்கிறது இந்தியத் தரம் 456. சைட்டில் பாண்டு கணக்கில் கலக்கும் எம்-20க்கு, 50 கிலோ சிமெண்ட் மூட்டை ஒன்றுக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது. பெரிய பெயிண்ட் பக்கெட் 20 லிட்டர். ஆக, ஒன்றரை பக்கெட். மணல் நனைந்திருந்தால் அதற்கும் குறைவு.

எங்கள் சைட்டில் மிக்சர்காரர் கையில் பக்கெட் இல்லை, ஹோஸ் பைப் இருந்தது. குழம்பு மாதிரி ஓடினால்தான் குழியில் தானாகப் பரவும், குத்த வேண்டியதில்லை, சித்தாளுக்கு இடுப்பு ஒடியாது. அந்தச் சௌகரியத்தின் விலை அதிகம். சிமெண்ட் கெட்டியாகும்போது வேதிவினையில் அதோடு சேர்வது அதன் எடையில் ஏறத்தாழ கால் பங்குத் தண்ணீர்தான். மீதியில் பெரும்பகுதி, கலவை இளக்கமாக இருப்பதற்காக நாம் ஊற்றுவது. அது பின்னால் ஆவியாகிப் போகும். போன இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளை. அந்தத் துளை வழியாகத்தான் ஈரம் கம்பியைத் தேடிப் போகிறது. சித்தி மகன் ஹோஸ் பைப்பைச் சுருட்டிவிட்டு ஒன்றரை பக்கெட்டோடு மிக்சர் பக்கத்தில் நின்றான். மாலை வரை நின்றான். அவன் பெங்களூரில் ஐடி வேலை செய்கிறவன். அவன் வாழ்க்கையில் செய்த உருப்படியான சூப்பர்வைசர் வேலை அதுதான் என்று சித்தப்பா இன்றும் சொல்கிறார்.

கம்பி வலையைக் குழியின் அடியில் நேராக வைத்துவிடாமல் பார்த்துக்கொள்வது இன்னொரு வேலை. பூட்டிங்கில் கம்பிக்கும் மண்ணுக்கும் நடுவே 50 மில்லிமீட்டர் கான்கிரீட் இருக்க வேண்டும். அதற்குத்தான் கவர் பிளாக். அது இல்லையென்றால் ஒரு ஜல்லிக் கல்லை அண்டக் கொடுப்பார்கள். மேலே ஆள் ஏறி மிதித்ததும் கல் நழுவிவிடும், கம்பி மண்ணில் படுத்துக்கொள்ளும். துருப்பிடித்த கம்பி உப்பும்; உப்பினால் கான்கிரீட் பிளக்கும். இது நடக்க இருபது ஆண்டு ஆகலாம். அதற்குள் மேஸ்திரி ரிட்டயர்டு.

மணலைப் பற்றி ஒரு வார்த்தை. பாலாறு ஆந்திரத்தில் ஓடுவது 33 கிலோமீட்டர்தான், அதுவும் இந்தக் குப்பம் தொகுதிப் பக்கத்தில். ஆற்று மணலுக்காக இரு மாநிலத்திலும் நடந்த கூத்துகளை நாடறியும். இப்போது எங்கும் எம்-சாண்ட். குவாரித் தூளையே எம்-சாண்ட் என்று தலையில் கட்டுவார்கள். கையில் அள்ளி விட்டுப் பாருங்கள், உள்ளங்கையில் மாவு ஒட்டினால் லாரியைத் திருப்பி அனுப்புங்கள்.

பூட்டிங், பெல்ட் எல்லாம் முடிந்து உள்ளே மண் நிரப்பும்போது லாரி பேக்கர் நினைவுக்கு வந்தார். கேரளத்தில் வாழ்ந்து 2007இல் மறைந்த இங்கிலாந்தில் பிறந்த அந்தக் கட்டடக்கலைஞர் சிக்கன வீடு பற்றி எழுதிய கையேட்டில் சொல்லும் யோசனை சிரிப்பு வருமளவுக்கு எளிமையானது: கடைக்கால் தோண்டும் மண்ணை வெளியே கொட்டாதே, உள்பக்கமாகவே கொட்டு, எப்படியும் உள்ளே நிரப்பத்தானே போகிறாய். வெளியே கொட்டிவிட்டுப் பிறகு கூலி கொடுத்து உள்ளே அள்ளுவதுதான் நம் வழக்கம். நாங்களும் பாதியை வெளியே கொட்டிய பிறகுதான் எனக்கு அது ஞாபகம் வந்தது. நிரப்புவதையும் ஒரே நாளில் ஜேசிபி வைத்து முடிக்கக் கூடாது. அரை அடி, முக்கால் அடி மண், தண்ணீர், திமிசு. மறுபடி மண், தண்ணீர், திமிசு. இடிக்கிற அந்தக் கட்டைக்குத் தெலுங்கிலும் கிட்டத்தட்ட அதே பெயர்தான்.  

கடைசியாக, தண்ணீர் காட்டுவது. சாதா சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள். கடையில் இப்போது பெரும்பாலும் கிடைக்கும் சாம்பல் கலந்த பிபிசி சிமெண்டுக்கு 10 நாள். வெயில் காலமானால் 14. போர் ஆயிரம் அடியைத் தாண்டுகிற ஊரில் இது சின்ன விஷயமல்ல. ஹந்திரி-நீவா கால்வாயில் கிருஷ்ணா தண்ணீர் 2025 ஆகஸ்டில் குப்பம் வந்து சேர்ந்து, முதலமைச்சர் ஆரத்தி எடுத்தார். ஆனால் எங்கள் கோணிச்சாக்குகள் நனைந்தது டேங்கர் தண்ணீரில். அதையும் மாலை ஐந்துக்குள் ஊற்றிவிட வேண்டும். கௌண்டின்யா சரணாலயத்து யானைகள் இருட்டியதும் எந்தப் பக்கம் இறங்கும் என்று சொல்ல முடியாது. வனத்துறை ஒரு யானை முகாமையே இந்த மண்டலத்து நனியாலாவில் அமைத்தது. காலையில் இரண்டு தடவை, மாலையில் ஒரு தடவை என்று சித்தி கணக்கு வைத்துக்கொண்டார். பத்தாம் நாள் முடிந்து இன்னொரு நாலு நாள் ஊற்றினார். அதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

இன்று வீடு லிண்டல் மட்டத்தில் நிற்கிறது. வடமேற்கு மூலையைக் காட்டி "இங்கதான் பண்ட இருந்துச்சு" என்று சொன்னால் புதிதாக வருகிறவர்கள் நம்பத் தயாரில்லை. போனில் 12 குழிகளின் படமும் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் டேப்பைத் தொங்கவிட்டு, அடியில் என்ன மண் என்று தெரியும்படி எடுத்தது. நாளைக்கு மேலே இன்னொரு மாடி போடலாமா என்று கேட்டால் எந்த என்ஜினீயருக்கும் காட்டலாம்.

வீடு கட்டத் தொடங்கியிருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பூமி பூஜைக்குக் குடும்பத்தோடு லீவு போடுகிறீர்கள். ஒரு மணி நேரத்தில் தேங்காய் உடைத்து முடிந்துவிடுகிறது. குழி வெட்டி முடிக்கிற நாளுக்கும் கான்கிரீட் போடுகிற நாளுக்கும் தலா ஒரு லீவு போடுங்கள். வரும்போது இரண்டு பெயிண்ட் பக்கெட்டும் ஒரு டேப்பும் கொண்டு வாருங்கள்.